விழுந்த இடம் வேறு, ஏறிய இடம் வேறு

வாசகர் கேள்வி: ஐயா, வணக்கம். கோவையில் வசிக்கிறேன். மாடி அறையில் எட்டுக்கு நாலு அடி பிளைவுட் பலகையில் எச்.ஓ. அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) மாதிரி ரயில் பாதை போட்டிருக்கிறேன். மொத்தம் நாலு பாயிண்ட், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடம். மூன்றில் தொல்லையில்லை. மெயின் லைனிலிருந்து பக்கத்தில் ஓடும் லூப் லைனுக்குப் பிரியும் பாயிண்டில் மட்டும் பயணிகள் பெட்டிகள் தடம் புரள்கின்றன. இன்ஜின் தப்பித்துவிடுகிறது. சரக்கு வேகன்கள் எப்போதாவது புரளும். நேராகப் போனால் ஒன்றும் ஆவதில்லை, லூப்பிலிருந்து வெளியே வந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. உள்ளே திரும்பும்போதுதான் இந்த வேலை. பெட்டி கிராசிங்கை, அதாவது பிரியும் பாதைகளின் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைத் தாண்டியதும் விழுந்து கிடக்கிறது. அதனால் கிராசிங் முனையை அரம் வைத்துக் கொஞ்சம் ராவிப் பார்த்தேன், பயனில்லை. ஜல்லி ஒட்டி, ஆடாமலிருக்க ஆணிகளை நன்றாக இறக்கிய பிறகுதான் இது ஆரம்பித்தது என்கிறாள் என் மகள். எனக்கு அது நிச்சயமில்லை. இந்தப் பாயிண்டைப் பிடுங்கிவிட்டு வேறு போட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, முதலில் அந்த அரத்தை எடுத்து உள்ளே வையுங்கள். இரண்டாவதாக, உங்கள் மகள் சொல்வதைக் கேளுங்கள். அந்தப் பெண் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள்.

நான் ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரிய தண்டவாளத்தை விட்ட பிறகு சின்னத் தண்டவாளம் பிடித்துக்கொண்டது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சரக்கு யார்டில் வேகன் தடம் புரண்டது. சிலீப்பர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டைகள், நொறுங்கிக் கிடந்த இடத்தைச் சுற்றி நாங்கள் இளவட்டங்கள் எல்லாம் கூட்டமாக நின்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் மூத்த இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரயில் வந்த திசையில் பின்னோக்கி நடந்தார். தண்டவாளத்தின் தலையில் குறுக்காகப் போன மெல்லிய கோடு ஒன்றைக் கண்டதும் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். சக்கரத்தின் ஃபிளாஞ்ச், அதாவது உட்பக்கம் இறங்கியிருக்கும் விளிம்பு, தண்டவாளத்தின் மேல் ஏறி உருண்ட தடம் அது. எங்கள் பாஷையில் அது 'மவுண்ட்' ஆன இடம். சக்கரம் கீழே விழுந்த இடம் 'டிராப்'. இரண்டுக்கும் நடுவே பல அடி தூரம் இருக்கலாம். விசாரணைக்கு அளவெடுக்கும்போது மவுண்ட் ஆன இடத்தைப் பூஜ்யமாக வைத்துத்தான் எடுப்போம்.

நீங்கள் டிராப் ஆன இடத்தைப் பார்த்துக் கிராசிங்கைத் தண்டித்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள அடையாளங்களை வைத்துப் பார்த்தால் சக்கரம் ஏறுவது வேறு இடத்தில் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். பாயிண்டில் அசைகிற உறுப்பு இரண்டே. முனை கூர்மையாகச் சீவிய இரண்டு டங் ரெயில்கள். தமிழில் நாக்கு என்றே வைத்துக்கொள்வோம். வலப்பக்க நாக்கு அதன் பக்கத்திலுள்ள அசையாத தண்டவாளத்தோடு ஒட்டிக்கொண்டால் இடப்பக்க நாக்கு விலகி நிற்கும். பாயிண்டைத் திருப்பினால் இது தலைகீழாகும். உங்கள் லூப் இடப்பக்கம் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகப் போகும் வண்டிக்கு இடப்பக்க நாக்கு ஒட்டியிருக்கும். அது ஒழுங்காக இருப்பதால் நேர்பாதையில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. லூப்புக்குத் திரும்பும் வண்டிக்கு ஒட்டியிருக்க வேண்டியது வலப்பக்க நாக்கு. வண்டி இடப்பக்கம் வளையும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் ஃபிளாஞ்ச் அந்த வலப்பக்க நாக்கின் முனையைத்தான் உரசிக்கொண்டு நுழையும். முனையில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், ஃபிளாஞ்ச் இடைவெளிக்குள் புகும் அல்லது முனையில் தட்டி மேலே ஏறும். புகுந்தால் ஒரு சக்கரம் மெயின் லைனுக்கும் இன்னொன்று லூப்புக்கும் போகப் பார்த்து, அங்கேயே உடனே விழும். ஏறினால் நாக்கின் தலைமேலேயே நொண்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போய், கிராசிங் பக்கம் வந்ததும் விழும். உங்கள் பெட்டி கிராசிங்கைத் தாண்டி விழுவதால், பெரும்பாலும் இது ஏறுகிற கதைதான்.

லூப்பிலிருந்து வெளியே வரும் வண்டிக்கு இந்த முனை எதிரே வருவதில்லை. பின்னாலிருந்து வரும் சக்கரம் நாக்கை அதன் இடத்தை நோக்கித் தள்ளிவிட்டுப் போய்விடும். ரயில்வேயில் இந்தத் திசையை டிரெயிலிங் என்றும், முனையைச் சந்திக்கிற திசையை ஃபேசிங் என்றும் சொல்வோம். ஃபேசிங்கில் விழுந்து டிரெயிலிங்கில் தப்பினால் நாக்கு முனையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு திசையிலும் அதே இடத்தில் விழுந்தால் அகலமும் மட்டமும் காரணமாக இருக்கலாம். எல்லாப் பாயிண்டிலும் ஒரே பெட்டி விழுந்தால் பாதையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிடியுங்கள்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். கறுப்பு மார்க்கர் பேனாவால் பாயிண்டின் முனைக்கு ஒரு விரல் தூரம் முன்னாலிருந்து கிராசிங் வரைக்கும் தண்டவாளத்தின் தலையில் மை பூசுங்கள். நாக்கின் தலையிலும் பூசுங்கள். அடிக்கடி விழுகிற பெட்டியை எடுத்து, இன்ஜின் இல்லாமல், கையால் மெதுவாக லூப்பை நோக்கித் தள்ளுங்கள். நடுவில் அழுத்தாமல் பின்பக்கம் ஒரு விரல் வைத்துத் தள்ளினால் போதும். ஃபிளாஞ்ச் ஏறிய இடத்தில் மையின் மேல் குறுக்காக மெல்லிய கீறல் விழும். அந்தக் கீறலின் ஆரம்பத்துக்கு நேரே பலகையில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கையால் தள்ளும்போது விழவில்லை, இன்ஜின் இழுத்தால்தான் விழுகிறது என்றால், கைப்பேசியை மேசை மட்டத்தில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். உங்கள் மகளுக்கு அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் மையை ஸ்பிரிட்டால் துடைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் "இன்ஜின் நின்று நின்று போகிறது" என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

கீறல் நாக்கு முனையில் ஆரம்பித்தால் அடுத்து இதைச் செய்யுங்கள். பாயிண்டை லூப்புக்குத் திருப்பி, ஒட்டியிருக்கும் நாக்குக்கும் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் இடையே சாதாரண எழுதும் தாளில் ஒரு துண்டைச் செருகி இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி இருக்கிறது என்று பொருள். நிஜ ரயில்வேயில் 5 மி.மீ. தடிமனுள்ள இரும்புத் துண்டை இதே இடத்தில் வைத்துப் பாயிண்டை இயக்கிப் பார்ப்பார்கள். அந்தத் துண்டு உள்ளே இருக்கும்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது. அப்படிப் பூட்டினால் சிக்னல் பிரிவு ஆட்களுக்குத் தூக்கம் போய்விடும். அந்த 5 மி.மீ.யை உங்கள் 1:87 அளவுக்குச் சுருக்கினால் 0.06 மி.மீ.கூட வராது. தாளின் தடிமனே சுமார் 0.1 மி.மீ. ஆக, கண்ணுக்கு ஒட்டியிருப்பதுபோலத் தெரிவதை நம்ப முடியாது. தாளை நம்புங்கள்.

தாள் வழுக்கினால் காரணம் அநேகமாக உங்கள் ஜல்லிதான். ஜல்லியைத் தூவி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டிருப்பீர்கள். பசை ஊர்ந்து போகும் குணமுள்ளது. இரண்டு நாக்கையும் இணைக்கும் குறுக்குப்பட்டை இருக்கிறதே, அதன் அடியில் போய் உறைந்துவிடும். பட்டை அசையும், ஆனால் முழுதாக அசையாது. அல்லது ஒரே ஒரு ஜல்லித் துணுக்கு நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரைத் தூரிகையால் தொட்டு வைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, ஊசி முனையால் கிளறி எடுங்கள். குறுக்குப்பட்டையைச் சுற்றி ஜல்லியே வேண்டாம், அந்த இடத்துக்குக் கறுப்புச் சாயம் அடித்தால் போதும், பார்க்கிறவர் யாருக்கும் தெரியாது. காய்ந்த பிறகு பாயிண்டைத் திருப்பும்போது 'டிக்' என்று சத்தமாக உட்கார வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே இன்னும் பசை இருக்கிறது. எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தூசியைச் சேர்த்து அதைவிட மோசமான பசையாக்கிவிடும். மோட்டார் வைத்துத் திருப்புகிறீர்களா, கையாலா என்று நீங்கள் எழுதவில்லை. மோட்டார் என்றால் அதைக் கழற்றிவிட்டு ஒரு முறை கையால் திருப்பித் தாள் சோதனை செய்யுங்கள். கையால் திருப்பினால் தாளைப் பிடிக்கிறது, மோட்டாரால் திருப்பினால் வழுக்குகிறது என்றால் மோட்டாரின் கம்பி நடுவில் நிற்கவில்லை, அதைத்தான் நகர்த்த வேண்டும்.

தாள் இறுக்கிப் பிடித்த பிறகும் பெட்டி ஏறினால் விரல் நகத்தைப் பயன்படுத்துங்கள். வண்டி போகிற திசையில், தண்டவாளத்தின் உட்பக்க ஓரத்தைத் தடவிக்கொண்டே நாக்கு முனையைத் தாண்டிப் போங்கள். நகம் தட்டினால் ஃபிளாஞ்சும் தட்டும். இங்கே அரத்துக்கு வேலை உண்டு. நைசான ஊசி அரம், நாக்கின் முனையில் ஒரு செ.மீ. நீளத்துக்கு, உட்பக்க மேல் விளிம்பை மட்டும் லேசாகச் சாய்த்து இரண்டு மூன்று இழுப்பு. நகம் வழுக்கிக்கொண்டு போனதும் நிறுத்திவிட வேண்டும். கூடுதலாக ராவினால் முனை காகிதம்போல் மெலிந்து வளைந்துவிடும்.

இப்போது ஆணிக்கு வருவோம். "ஆடாமலிருக்க நன்றாக இறக்கினேன்" என்று நீங்கள் பெருமையாக எழுதியிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும், எனக்குப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பிளாஸ்டிக் சிலீப்பரின் நடுவில் ஆணியை அடித்து இறக்கினால் சிலீப்பர் படகுபோல் வளையும். நடு தாழும்போது இரண்டு தண்டவாளமும் தலையை உட்பக்கம் சாய்த்து நெருங்கும். பாதையின் அகலம் குறையும். எச்.ஓ. அளவில் இரண்டு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையே 16.5 மி.மீ. இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிற டிஜிட்டல் வெர்னியர் (மில்லிமீட்டரின் பின்னத்தையும் காட்டும் அளவுகருவி) போதும், பாயிண்ட் முழுவதும் நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். நாக்கு ஆரம்பிக்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள ஆணிகளைக் கவனமாகப் பாருங்கள். ஆணியின் தலை சிலீப்பரைத் தொடாமல், ஒரு தாள் நுழையும் அளவு மேலே நிற்க வேண்டும். இறங்கியிருந்தால் மூக்குக் குறடால் மெதுவாக உயர்த்துங்கள், சிலீப்பர் பெரும்பாலும் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். பிறகு சிறிய எஃகு ஸ்கேலை நிமிர்த்தி, பாயிண்டின் நீளத்துக்கும் தண்டவாளத்தின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரியும் இடம் பள்ளம். பாயிண்டின் அடியில் இரண்டு பிளைவுட் துண்டுகள் சேரும் மூட்டு வந்திருந்தால் இந்தப் பள்ளமும் மேடும் ஓயாது. மாடி அறை என்று வேறு சொல்கிறீர்கள். வெயிலும் மழையும் மாறி மாறி வர, பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்து சுருங்கும்.

அதிருக்கட்டும். பாதை எல்லாவற்றுக்கும் பழி சுமக்க முடியாது. இன்ஜின் தப்பித்துவிடுகிறது, பயணிகள் பெட்டிதான் விழுகிறது என்கிறீர்கள். அதற்கு இரண்டு காரணம். ஒன்று எடை, இன்னொன்று சக்கரம்.

எடையைச் சமையலறைத் தராசில் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய நேஷனல் மாடல் ரெயில்ரோட் அசோசியேஷன், சுருக்கமாக என்.எம்.ஆர்.ஏ., மாதிரி ரயில்களுக்கு வகுத்த பரிந்துரைகளை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். எச்.ஓ. வண்டிக்கு அவர்கள் சொல்லும் கணக்கு: அடிப்படை ஒரு அவுன்ஸ் (சுமார் 28 கிராம்), அதற்கு மேல் பெட்டியின் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி நிஜத்தில் சுமார் 21.3 மீட்டர் நீளம். 1:87-இல் அது 245 மி.மீ., அதாவது ஒன்பதரை அங்குலத்துக்கும் கொஞ்சம் மேல். கணக்குப்படி சுமார் 165 கிராம் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய பெட்டிகள் பல இதைவிட மிக லேசாக இருக்கும். உங்கள் பெட்டி 90 கிராம் என்று வையுங்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம். பத்து நாணயங்களைப் பெட்டியின் தரையில், இரண்டு பக்கமும் சமமாக, டபுள் சைடு டேப்பால் ஒட்டினால் கணக்குச் சரியாகிவிடும். கூரைக்குக் கிட்டே ஒட்டாதீர்கள், எடை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தூண்டில் ஈயக்குண்டு மலிவுதான். ஆனால் வீட்டில் குழந்தை கையாளும் பொருளில் ஈயம் வேண்டாம்.

சக்கரத்துக்கு வெர்னியரை மறுபடி எடுங்கள். ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களின் உட்பக்க முகங்களுக்கு இடையே அளக்க வேண்டும். ரயில்வேயிலும் மாதிரி ரயிலிலும் இதற்குப் பெயர் பேக் டு பேக். எச்.ஓ.வில் சுமார் 14.4 மி.மீ. இருந்தால் நிம்மதி. (நம் அகலப் பாதையில் இது 1600 மி.மீ.) குறைவாக இருந்தால் சக்கரத்தின் முதுகு, கிராசிங்குக்கு எதிரே தண்டவாளத்தை ஒட்டிப் போட்டிருக்கும் குட்டையான செக் ரெயிலில் உரசி மேலே ஏறும். கூடுதலாக இருந்தால் எதிர்ப்பக்கச் சக்கரம் கிராசிங் மூக்கில், அதாவது அதன் கூர்முனையில், போய் முட்டும். அச்சைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி மூன்று நான்கு முறை அளங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் சக்கரம் அச்சில் கோணலாக ஏறியிருக்கிறது. இரண்டு சக்கரத்தையும் இரண்டு கையால் பிடித்து, திருகிக்கொண்டே லேசாக இழுத்தோ அழுத்தியோ சரிசெய்யலாம். திருகாமல் வெறுமனே இழுத்தால் ஒரே தாவாகத் தாவிவிடும்.

பெட்டியைத் தலைகீழாக்கியிருக்கும்போதே போகிகளையும் பார்த்துவிடுங்கள். நம் ஊரில் பெட்டியையே போகி என்கிறோம், ஆனால் ரயில்வேயில் போகி என்றால் பெட்டிக்கு அடியில் உள்ள நான்கு சக்கரத் தொகுதி. இரண்டு போகியின் திருகையும் இறுக்கி வைத்திருந்தால் பெட்டி ஒரு கால் குட்டையான நாற்காலிபோல் ஆகிவிடும், பாதை கொஞ்சம் முறுக்கினாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ஒரு போகி பக்கவாட்டில் திரும்பினால் மட்டும் போதும். இன்னொன்று திரும்பவும் வேண்டும், எல்லாப் பக்கமும் லேசாக ஆடவும் வேண்டும். அதன் திருகை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பெட்டிகளை இணைக்கும் கொக்கியான கப்ளருக்கு அடியில் ஒரு வளைந்த கம்பி தொங்கினால் அது நாக்கையோ செக் ரெயிலையோ தொடாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடமும் ஒரு காரணமாகலாம். எட்டுக்கு நாலில் லூப் போட்டவர்கள் எல்லாரும் செய்கிற காரியம், பாயிண்ட் முடிந்த உடனே எதிர்ப்பக்கம் ஒரு வளைவை இணைப்பது. லூப் மெயின் லைனுக்கு இணையாக ஓட வேண்டுமே! நீளமான பெட்டி இந்த 'எஸ்' வளைவில் போகும்போது முன்பெட்டியின் முனை ஒரு பக்கமும் பின்பெட்டியின் முனை மறுபக்கமும் தள்ளும், கப்ளர் பெட்டியைப் பக்கவாட்டில் இழுத்துத் தூக்கும். நடுவே குறைந்தது ஒரு பெட்டி நீளத்துக்கு, உங்கள் கணக்கில் 245 மி.மீ., நேர்பாதை இருந்தால் இந்தத் தொல்லை அடங்கும். அவ்வளவு இடம் இல்லையென்றால் பாதியாவது விடுங்கள். வேகன்கள் குட்டை, அதனால்தான் அவை எப்போதாவது மட்டும் விழுகின்றன.

கிராசிங்கை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் ராவியதால் மூக்கு கொஞ்சம் மழுங்கியிருக்கும். அதனால் சக்கரம் அங்கே தடக்கென்று இறங்கி ஏறினால், எதிரே உள்ள செக் ரெயிலைக் கொண்டு ஈடுகட்டலாம். சக்கரம் மூக்கைத் தொடாதபடி எதிர்ப்பக்கச் சக்கரத்தைப் பிடித்து இழுத்து வைப்பதுதான் செக் ரெயிலின் வேலை. லூப் பாதைக்கான செக் ரெயில், வளைவின் உட்பக்கத் தண்டவாளத்தை ஒட்டி இருக்கும். தண்டவாளத்தைப் பார்க்கும் அதன் முகத்தில் 0.25 மி.மீ. பிளாஸ்டிக் பட்டையை ஃபெவிக்விக் துளி வைத்து ஒட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் ஓ.எச்.பி. ஷீட்டில் (புரொஜெக்டரில் வைக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்) இரண்டு பட்டை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டலாம். இதைக் கடைசியாகச் செய்யுங்கள். சக்கரங்களின் பேக் டு பேக் சரியாகாமல் இதைச் செய்தால் புதிதாக ஒரு தடம்புரளல் கிடைக்கும்.

பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அகலம் 16.5-லிருந்து வெகுவாக விலகி, ஆணியை உயர்த்திய பிறகும் திரும்பவில்லை என்றால், அல்லது நாக்கு வளைந்துவிட்டது என்றால் பிடுங்கத்தான் வேண்டும். அப்படியானால் ஆணிகளை முதலில் எடுத்துவிட்டு, ஜல்லியின் மேல் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வெள்ளைப் பசை இளகிவிடும். பிறகு பட்டி பார்க்கிற மெல்லிய தகட்டைப் பாயிண்டின் அடியில் ஒரு ஓரத்திலிருந்து நுழைத்துக்கொண்டே போனால் முழுதாகக் கையோடு வந்துவிடும். அடுத்து வாங்கும்போது கடையில் இருக்கும் மிகக் குட்டையான பாயிண்டை வாங்காதீர்கள். பீகோ கம்பெனியின் ஸ்டிரீம்லைன் வரிசையில் வளைவு ஆரம் 610, 914, 1524 மி.மீ. என்று மூன்று அளவு வருகிறது. ஐ.சி.எஃப். பெட்டிகளுக்கு நடுவில் உள்ளதை வாங்குங்கள், பலகையில் கொஞ்சம் நீளம் கூடத் தின்னும், பரவாயில்லை. அந்தப் புதுப் பாயிண்டை ஒட்டுவதற்கு முன், ஜல்லி ஒரு துணுக்குக்கூடப் போடாமல், ஒரு வாரம் சும்மா வைத்து ஓட்டிப் பாருங்கள்.